400 ரிங்கிட்டை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். இறுதித் திட்டத்துக்கு சீனியர் ஒருவர் எழுதிய பிபிஎஃப் (லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்) சோதனையை எடுத்திருக்கிறேன். கல்லூரி லேபில் டெபியன் 11 லினக்ஸ், அங்கே ஓடுகிறது. வீட்டில் டெபியன் 12. 'டாஸ்க் ஸ்ட்ரக்ட்டில் ஸ்டேட் இல்லை' என்று கம்பைலே ஆகவில்லை. டவுனில் ஒருவர் 400 ரிங்கிட்டுக்குச் சரிசெய்து தருகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. உங்கள் மேல் தப்பில்லை, கம்ப்யூட்டரும் கெடவில்லை. லேபில் 5.10 கெர்னல், வீட்டில் 6.1. இடையில் 2021-இல் வந்த 5.14-இல் டாஸ்க் ஸ்ட்ரக்ட்டில் (ஒவ்வொரு புராசஸைப் பற்றியும் கெர்னல் வைத்திருக்கும் குறிப்பு) இருக்கும் ஸ்டேட் என்ற ஃபீல்டின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு சேர்த்துவிட்டார்கள். தெரிந்தே செய்ததுதான்: பழைய பெயரைத் தொடுகிற இடமெல்லாம் கம்பைலாகாமல் நிற்கட்டும், ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்று.

சரி, அடிக்கோட்டைப் போட்டால் முடிந்ததா? இங்கேதான் பலரும் விழுகிறார்கள். பெயரோடு வகையும் மாறியது. முன்பு லாங், 64 பிட் கம்ப்யூட்டரில் 8 பைட். இப்போது அன்சைன்ட் இன்ட், 4 பைட்தான். நீங்கள் கேள்வியோடு அனுப்பிய, ஸ்டேட்டைப் படிக்கிற வரியில் 'சைஸ்ஆஃப் லாங்' என்று அளவு இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து 4 பைட்டும் சேர்ந்து வரும். அங்கே பூஜ்யம் கிடந்தால் பாஸ், வேறு ஏதாவது கிடந்தால் ஃபெயில். வேரியபிளின் வகையையும் அளவையும் சேர்த்து மாற்றுங்கள்.

வீட்டில் கம்பைல் செய்த அதே ஃபைல் லேபிலும் ஓட வேண்டுமென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. டாஸ்க் ஸ்ட்ரக்ட் பெயருக்குப் பின்னால் மூன்று அடிக்கோடும் 'ஓல்ட்' என்றும் சேர்த்து, உள்ளே பழைய லாங் ஸ்டேட்டை மட்டும் வைத்து ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். மூன்று அடிக்கோட்டுக்குப் பிறகு வருவதை, பிபிஎஃப் நிரலைக் கெர்னலில் ஏற்றும் லைப்ரரியான லிப்பிபிஎஃப் கண்டுகொள்ளாது. நிஜமான டாஸ்க் ஸ்ட்ரக்ட்டோடுதான் பொருத்திப் பார்க்கும். அப்புறம் 'ஃபீல்ட் எக்ஸிஸ்ட்ஸ்' மேக்ரோவால் எந்தப் பெயர் இருக்கிறது என்று கேட்டு, இருப்பதை அதன் வகையிலேயே படியுங்கள். ஃபீல்டுக்கு முன்னால் இரண்டு, ஸ்ட்ரக்ட்டுக்குப் பின்னால் மூன்று. எண்ணிப் போடுங்கள், ஒன்று குறைந்தாலும் வேலைக்கு ஆகாது.

அந்த 400 ரிங்கிட் ஆள் என்ன செய்வார் தெரியுமா? ஸ்டேட்டைப் படிக்கிற வரியை அழித்துவிட்டு, சோதனை 4 என்ற எண்ணைத் திருப்பும்படி வைப்பார். கெர்னல் சோதனைகளில் 4 என்றால் 'ஸ்கிப்'. ஃபெயில் என்று வராது, சோதனையும் நடந்திருக்காது. போன வருஷம் ஒரு பிள்ளை இதற்கு 250 ரிங்கிட் கொடுத்துவிட்டு என்னிடம் காட்டியது. மாறியிருந்தது மூன்று வரி. ரப்பர் பால் நிறுக்கும்போது தராசில் கை வைத்த தோட்டத்துக் கிராணிகளை (கணக்கர்களை) பற்றி உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

கல்லூரிகளும் சும்மா இல்லை. ஃபெயில் இல்லையென்றால் மார்க். ஸ்கிப் எத்தனை என்று யார் எண்ணுகிறார்கள்? கெர்னலின் மூல நிரலை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மூலம் இறக்கி, 'கிட் லாக்' கட்டளையோடு பெரிய எஸ் போட்டு ஒரு பெயரைத் தேடினால், அது எந்த மாற்றத்தில் வந்தது, எதில் போனது என்று காட்டிவிடும். இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். மூன்று வருஷத்தில் அந்த அரை மணி கிடைக்கவில்லையாம்!

முதலில் பெயரையும் வகையையும் அளவையும் மாற்றி, வீட்டில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கே பாஸ் ஆன பிறகு மூன்று அடிக்கோட்டு வேலைக்குப் போகலாம். அதிலும் தகராறு வந்தால், பிழைச் செய்தியை ஃபோனில் படம் பிடிக்காமல் எழுத்தாக அனுப்புங்கள்.