பால் பைதானுக்குக் கூண்டு: கேளுங்கள், சொல்கிறேன்

டொரண்டோவில் ஒன்பது வருடமாக ஒரு பால் பைதான் (ball python, பயந்தால் பந்துபோல் சுருளும் சின்ன மலைப்பாம்பு) வளர்க்கிறேன். இந்த இனத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: குட்டி வாங்கப்போகிறேன். எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

பதில்: வளர்ந்தபின் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். குட்டியையும் அதிலேயே விடலாம், உள்ளே வெட்டவெளி இல்லாதபடி இலைதழையும் மரப்பட்டையும் நிரப்பிவிட்டால். மேற்கு ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடக்கிற பாம்பு இது. பதுங்க இடமில்லையென்றால் சாப்பிட மறுக்கும். சூடான பக்கம் ஒரு பதுங்கிடம், குளிர்ந்த பக்கம் ஒன்று. உள்ளே சுருண்டு படுத்தால் உடம்பு பதுங்கிடத்தின் சுவரில் உரசவேண்டும். ‘தாராளமாக இருக்கட்டுமே’ என்ற நம் விருந்தோம்பல் இங்கே வேண்டாம். சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இல்லாமல் எந்த ஹீட்டரையும் பிளக்கில் செருகாதீர்கள்.

கேள்வி: கூண்டைச் சூடாக்கும் ஹீட் பேட் கையில் இதமாகத்தானே இருக்கிறது, தெர்மோஸ்டாட் எதற்கு?

பதில்: நானும் முதல் வருடம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். மறுவாரம் பாம்பைத் தூக்கினால் அடிவயிற்றில் நான்கு செதில் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. மூன்று முறை தோலுரித்தும் தழும்பு போகவில்லை.

கேள்வி: பனிக்காலத்தில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

பதில்: வலை மூடியில் முக்கால் பங்கை அடைத்துவிடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளை 3 அங்குலம் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். 60, 70க்கு ஏறிவிடும். செடார் மரச்சீவல் கூடவே கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். தோட்டத்தில் பிடித்த மண்ணுளிப் பாம்பை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில்?

பதில்: அங்கே பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை.

கேள்வி: பால் வைக்கலாமா?

பதில்: பெயரில் மட்டும்தான் பால். தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: கூண்டெல்லாம் வீண்செலவு. மூன்று வருடமாக பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது.

பதில்: சாப்பிடும். டப்பாவில் சூடும் ஈரமும் நிற்கும், பாம்புக்குப் பயமும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க முடியுமா?

கேள்வி: அது நீட்டிப் படுப்பதே இல்லையே!

பதில்: இடம் கொடுத்தால்தானே? என்னுடையது இரவு பதினொன்றுக்கு மேல் மரக்கிளையில் ஏறி, தலையைத் தொங்கவிட்டு அரைமணி நேரம் கிடக்கும். எனக்கும் ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நானும் டப்பாக் கட்சி.

கேள்வி: அப்படியென்றால் இரண்டை ஒரே கூண்டில் விடலாமா?

பதில்: வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று படுப்பது பாசமில்லை, நல்ல இடத்துக்குப் போட்டி.

கேள்வி: ஹீட் பேட் 41 டிகிரி காட்டுகிறது. என்ன செய்ய?

பதில்: தெர்மோஸ்டாட் இருக்கிறதா?

கேள்வி: இல்லை.

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.