8 ஜிபி பக்கத்துல 16 ஜிபி போடலாமுங்களா?

ஈரோட்டுல இருபது வருசமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவனுங்க நான். ரேம் சேர்க்கிறதைப் பத்தி யார் வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒண்ணேதான்: இருக்கிற ரேமோட வேற அளவு ரேமைச் சேர்த்தா ஆகுமா? 2025 கடைசியில இருந்து மெமரி விலை தாறுமாறா ஏறிக் கெடக்குது. ஏஐ சர்வர்களுக்கே சிப் எல்லாம் போயிருது. இப்படிப்பட்ட நேரத்துல நல்லா ஓடிட்டு இருக்கிற ரேமைக் கழட்டிப் போடச் சொல்றதைக் கேட்டா எனக்கு மனசு ஆறலைங்க. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

கோபியில இருந்து: அண்ணா, சின்னதா ஸ்டூடியோ வெச்சிருக்கேன். எட்டாம் தலைமுறை ஐ5, ஹெச்310 போர்டு, 8 ஜிபி ஒரே ரேம். கல்யாண ஆல்பம் போடறப்ப போட்டோஷாப் அப்படியே நின்னுக்குது. இன்னொரு ஸ்லாட்டுல 16 ஜிபி போடலாம்னு கேட்டா, கடையில "அளவு மாறினா டூயல் சேனல் போயிரும், ரெண்டு 16 வாங்கிக்கங்க, பழைய 8 எதுக்கும் ஆகாது"ங்கறாங்க. நெசமுங்களா?

இல்லீங்க தம்பி. எட்டும் பதினாறும் தாராளமா சேரும். டூயல் சேனலும் போயிராது.

ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல ரெண்டு வழி இருக்குதுங்க. சேனல்னு சொல்றது இந்த வழியைத்தான், ரெண்டும் சேர்ந்து ஓடினா டூயல் சேனல். ஒவ்வொண்ணும் 64 பிட் அகலம். டிடிஆர்4-ங்கற நாலாம் தலைமுறை ரேம், 2666 வேகமா இருந்தா ஒரு வழியில வினாடிக்கு 21.3 ஜிபி போகும். இப்ப உங்ககிட்ட ஒத்தை ரேம், அதனால ஒரு வழி சும்மா கெடக்குது. பக்கத்து ஸ்லாட்டுல 16 போட்டீங்கன்னா, அதுல ஒரு 8-ஐ உங்க பழைய 8-ஓட ஜோடி கட்டிக்கும். அந்த 16 ஜிபி வரைக்கும் ரெண்டு வழியிலயும் சேர்ந்து 42.6 ஜிபி போகும். மீதி 8 மட்டுந்தான் ஒத்தை வழி. இன்டெல்காரங்க இதுக்கு ஃபிளெக்ஸ் மெமரின்னு பேர் வெச்சிருக்காங்க. மெஷின் ஆன் ஆகறப்ப முதல்ல ஓடற பயாஸ் செட்டிங்ல நீங்க ஒண்ணும் தொட வேண்டியதில்லை, தானா நடக்கும். உங்க போர்டு மொத்தம் 32 ஜிபி வரைக்கும் எடுக்கும், 24 அதுக்குள்ளதான் வருது.

இப்ப உங்க சோலியைப் பாருங்க. 12-க்கு 36 இஞ்ச் ஆல்பம் தாள், 300 டிபிஐ. அகலத்துல 10,800 புள்ளி, உயரத்துல 3,600 புள்ளி. தாள் முழுக்க நெறைஞ்ச ஒரு லேயருக்கே 110 எம்பிக்கு மேல போயிரும். பொண்ணு மாப்பிள்ளை படம், பூ, பார்டர், நிழல்னு பத்துப் பன்னண்டு லேயர் அடுக்கி, பழசைத் திரும்பக் கொண்டுவர ஹிஸ்டரி வேற வெச்சா 8 ஜிபி எங்கீங்க பத்தும்? இடம் பத்தாதப்ப விண்டோஸ் மீதியை டிஸ்க்குல எழுதி வெச்சு, வேணுங்கறப்ப திரும்பப் படிக்குது. ரேம்ல ஒரு இடத்தைத் தொட ஏறக்குறைய 100 நானோ வினாடி. சுத்துற ஹார்ட் டிஸ்க்குல அதுக்கே 10 மில்லி வினாடி ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசமுங்க. போட்டோஷாப் நிக்கிறது அதனாலதான். ஒரு 8 ஜிபி ஒத்தை வழியில ஓடறது உங்க கண்ணுக்கே தெரியாது. இடம் பத்தாததுதான் உங்களை நிறுத்தி வெக்குது.

16 ஒண்ணு வாங்கிப் போடுங்க. பழைய 8 அங்கேயே இருக்கட்டும்.

திருப்பூர்ல இருந்து: பிரிண்டிங் டிசைன் போடற மெஷினுங்க. நாலு ஸ்லாட். 4 ஜிபி ரெண்டு ஏற்கெனவே இருக்குது, 8 ஜிபி ரெண்டு வாங்கிட்டேன். எதை எங்க போடறதுங்க?

இங்கதான் நெறையப் பேர் தப்புப் பண்றாங்க. நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசசர் பக்கமிருந்து எண்ணினா, முதல் ரெண்டும் ஒரு சேனல், அடுத்த ரெண்டும் இன்னொரு சேனல். ரெண்டு நாலையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு, ரெண்டு எட்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா ஒரு சேனல்ல 8, மறு சேனல்ல 16 ஆயிருது. எட்டு ஜிபி ஜோடி இல்லாம நிக்கும்.

எட்டு ரெண்டையும் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடுங்க. நாலு ரெண்டையும் முதல், மூணாவது ஸ்லாட்டுல. இப்ப ரெண்டு பக்கமும் 12, 12. மொத்த 24-ம் டூயல் சேனல்ல ஓடும். நெறையப் போர்டுல ஜோடி ஸ்லாட்டுக்கு ஒரே நெறம் குடுத்திருப்பாங்க, அதைப் பார்த்தும் போடலாம்.

கணக்கு பார்க்க வேண்டியது ஒரு சேனலோட மொத்தத்தைத்தான், ஒவ்வொரு ரேமையும் இல்லை. பீளமேட்டுல இருந்து காலேஜ்ல படிக்கிற ஒரு தம்பி "மூணு ரேம் போடலாமா, 4, 4, 8"ன்னு கேட்டிருந்தாரு. அதுக்கும் இதே பதில். ஒரு சேனல்ல ரெண்டு நாலு, மறு சேனல்ல ஒரு எட்டு. எட்டுக்கு எட்டு. மூணு ரேம்ல முழு டூயல் சேனல் கெடைக்கும்.

கோவை கணபதியில இருந்து: சிஎன்சி ஜாப் வொர்க் பண்றோமுங்க. பழைய ரேம் 2400, புதுசு 3200-ன்னுதான் கெடைக்குது. வேகம் மாறினா ரெண்டும் சண்டை போட்டுக்குமா?

போடாதுங்க. ஒவ்வொரு ரேம்லயும் தன்னோட வேகம், டைமிங் எல்லாம் எழுதி வெச்ச குட்டிச் சிப் ஒண்ணு இருக்குது, எஸ்பிடின்னு சொல்லுவாங்க. ஆன் ஆகறப்ப பயாஸ் எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டு, எல்லாராலயும் முடியற வேகத்தை எடுத்துக்கும். உங்களுக்கு ரெண்டுமே 2400-ல ஓடும். 3200-க்குக் குடுத்த காசு வீண்னு நெனைக்காதீங்க, நாளைக்கு மெஷின் மாத்தறப்ப அது உதவும்.

ஒண்ணே ஒண்ணு. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமைச் சாதா வேகத்துக்கு மேல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணி இருந்தா முதல்ல ஆஃப் பண்ணிருங்க. ஜோடியா வராத ரெண்டு ரேமை எக்ஸ்எம்பி வேகத்துக்கு வெரட்டினா சில மெஷின் ஆனே ஆகாது. அப்படி ஆயிட்டா பதறாதீங்க, சீமாஸ் கிளியர் பண்ணினா, அதாவது பயாஸ் செட்டிங்கை அழிச்சா, பழைய நெலைக்கு வந்துரும்.

காங்கயத்துல இருந்து: அரிசி ஆலை ஆபீஸுங்க. டிடிஆர்3 போர்டுல டிடிஆர்4 ஏறுமா?

ஏறாதுங்க. டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். நடுவுல இருக்கிற வெட்டும் வேற எடத்துல இருக்கும். டிடிஆர்5-க்கும் அதே 288 பின்தான், ஆனா வெட்டு மாறி இருக்கும். அழுத்திப் பார்க்காதீங்க, ஸ்லாட் ஒடைஞ்சு போயிரும். ஹெச்110 போர்டு வெச்சிருக்கிறவங்க மட்டும் ஒரு தடவை லேபிளைப் பார்த்துட்டு வாங்குங்க. அதே பேர்ல டிடிஆர்3 போர்டும் வந்துச்சு, டிடிஆர்4 போர்டும் வந்துச்சு.

நாமக்கல்ல இருந்து: லாரி ஆபீஸ் மெஷின், ஜி41 போர்டு, டிடிஆர்3. 2 ஜிபியோட 4 ஜிபி சேர்த்தேன். வெறும் பீப் சத்தந்தான் வருது. அதே ரேம் இன்னொரு மெஷின்ல நல்லா ஓடுது. அளவு மாறினதுதான் காரணமா?

அளவு இல்லீங்கண்ணா, சிப். அந்த ரேமைக் கையில எடுத்து எண்ணிப் பாருங்க. 8 ஜிகாபிட் சேர்ந்தாத்தான் 1 ஜிபி. ஒரு பக்கம் மட்டும் 8 சிப் இருந்தா ஒவ்வொண்ணும் 4 ஜிகாபிட். ரெண்டு பக்கமும் சேர்த்து 16 இருந்தா ஒவ்வொண்ணும் 2 ஜிகாபிட். ஜி41-க்கு 2 ஜிகாபிட் வரைக்குந்தான் தெரியும். 16 சிப் இருக்கிற 4 ஜிபி ரேமா மாத்தி வாங்குங்க, உங்க 2 ஜிபியோட சேர்ந்து ஓடும். கடைக்காரருக்கே இது தெரியாம இருக்கலாம், கோவிச்சுக்காம எண்ணிக் காட்டி மாத்திக்கங்க.

சென்னிமலையில இருந்து: பெட்ஷீட் டிசைன் மெஷினுங்க. 4-ம் 4-ம் போட்டும் மூணேகால் ஜிபிதான் காட்டுது.

32 பிட் விண்டோஸ் போட்டிருக்கீங்க. அது 4 ஜிபிக்கு மேல எடுக்காது, அதுலயும் கொஞ்சம் ஹார்ட்வேருக்குன்னு ஒதுக்கிரும். ஃபைலை எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டு 64 பிட் போடுங்க. ரேம் மேல தப்பில்லை.

பொள்ளாச்சியில இருந்து: அண்ணா, ரைசன் 5 5600ஜி, கிராபிக்ஸ் கார்டு இல்லை. 8 ஜிபி ஒண்ணு இருக்கு. அதை வித்துட்டு 16 ஒண்ணு வாங்கட்டுமா, இல்ல இன்னொரு 8 சேர்க்கட்டுமா? கேம் ஆடத்தான்.

இன்னொரு 8 சேருங்க தம்பி. கோபிக்காரருக்குச் சொன்னதும் உங்களுக்குச் சொல்றதும் வேற வேற. கார்டு இல்லாத மெஷின்ல கிராபிக்ஸும் அதே ரேம்லதான் வரையுது, அதுக்கு வழி அகலம் வேணும். 3200 ரேம் ஒண்ணுன்னா 25.6 ஜிபி, ரெண்டுன்னா 51.2. ஒரே 16-ஐ விட ரெண்டு 8 கேம்ல நல்லாவே முந்தும். பின்னால காசு வந்தா ஒரு 8-ஐ எடுத்துட்டு 16 போட்டுக்கங்க. அப்பவும் முதல் 16 ஜோடியாத்தான் ஓடும்.

பவானியில இருந்து: சர்வர்ல இருந்து கழட்டின 16 ஜிபி ரேம் சல்லிசாக் கெடைக்குது. சேர்க்கலாமா?

வேண்டாங்க. அது பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு ரேம், சர்வருக்குன்னே செஞ்ச வேற ரகம். சாதா டெஸ்க்டாப் போர்டு அதை ஏத்துக்காது. லேபிள்ல ஆங்கில எழுத்தைப் பாருங்க. டிடிஆர்3-ல வேக எண்ணை ஒட்டியே இருக்கும், டிடிஆர்4-ல அதுக்கு அடுத்து வர்ற கோட்டுக்குப் பின்னால இருக்கும். ஆர்னா சர்வர், யூன்னா டெஸ்க்டாப்.

பெருந்துறையில இருந்து: 4-ஓட 8 சேர்த்து ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நீலத் திரை வருது. அளவு ஒத்துவரலையா?

அளவு ஒத்துவரலைன்னா வாரக்கணக்குல ஓடாதுங்க, முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஒரு ரேம் கெட்டிருக்கலாம், இல்ல சரியா உட்காராம இருக்கலாம். இதை லேசா எடுத்துக்காதீங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். உங்க பக்கத்துலயே ஒரு சைசிங் மில் ஆபீஸ். மார்ச் மாசக் கடைசி. அவசரம்னு சொன்னாங்கன்னு 4-ஓட 8-ஐப் போட்டுட்டு, ஆன் ஆச்சு, 12 காட்டுச்சு, கெளம்பிட்டேன். சோதிக்கலை. அந்தப் புது ரேம்ல ஒரு எடம் கெட்டிருந்திருக்குது. மெஷின் நிக்கவே இல்லை. ஆனா அதுல எழுதின கணக்கு கெட்டுப் போச்சு. வருசக் கணக்கு முடிக்கிற நேரத்துல ஃபைல் தெறக்கலை. ரெண்டு நாளைக்கு முந்தின பேக்கப்பை வெச்சு, அந்தக் கணக்கெழுதற அம்மணி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து பில்லை எல்லாம் திரும்ப ஏத்துனாங்க. அவங்க ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது உறுத்துது. அன்னையில இருந்து ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ங்கற சாப்ட்வேரை ஒரு பென்டிரைவ்ல போட்டுப் பையிலயே வெச்சிருக்கேன். எந்த ரேம் சேர்த்தாலும் ஒரு ராத்திரி முழுக்க நாலு சுத்து ஓட விடாம மெஷினை ஒப்படைக்கிறதில்லை.

நீங்களும் அதைத்தான் பண்ணோணும். ரெண்டும் போட்டு ஓட்டுங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒவ்வொண்ணாக் கழட்டி, அதே ஸ்லாட்டுல மாத்தி மாத்திச் சோதிங்க. ரேமா ஸ்லாட்டான்னு தெரிஞ்சிரும். ரேம்னா வாரண்டியில மாத்துங்க. அதுக்கு முன்னாடி பின் பக்கத்தை ஒருக்கா சுத்தம் பண்ணிப் பாருங்க. நம்ம பக்கம் பஞ்சுத் தூசி அதிகம். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் மெஷினைத் தெறந்தா ஸ்லாட்டுக்குள்ள மெத்தை மாதிரி அடைஞ்சு கெடக்கும். அழிரப்பரால தேய்க்கறதை விட, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில மெதுவாத் தொடைக்கறது நல்லது. ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள்ள போனா அது வேற தொந்தரவு. சரியாகற வரைக்கும் தினமும் பேக்கப் எடுத்துருங்க.

கோவை ஆர்.எஸ்.புரத்துல இருந்து: வீட்டு பிளான் போடற ஆபீஸ். ரைசன் 7000, டிடிஆர்5, 16 ஜிபி ரெண்டு. இன்னும் ரெண்டு 32 வாங்கிச் சேர்க்கலாம்னு இருக்கோம்.

டிடிஆர்5-ல மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேனுங்க. உங்க ப்ராசசருக்கு ரெண்டு ரேம்னா 5200 வேகம், நாலு ரேம்னா 3600. ஏஎம்டி சொல்ற கணக்கே அதுதான். 96 வந்துரும், ஆனா எல்லாமே மெதுவாயிரும். முடிஞ்சா ரெண்டு 32 மட்டும் வெச்சுக்கங்க. ரெண்டு 48 கெடைச்சா இன்னும் நல்லது, ரெண்டு ஸ்லாட்டுலயே 96. பழைய பதினாறுகளை வித்துக்கலாம், டிடிஆர்5-க்கு இப்ப நல்ல கிராக்கி. மாத்தினதும் முதல் தடவை நாலஞ்சு நிமிசம் திரை கருப்பாவே இருக்கும், ரேமைப் பழக்கிட்டு இருக்கும். பயந்து பவரை நிறுத்திறாதீங்க.

கரூர்ல இருந்து: அண்ணா, நானே போட்டுக்கலாமா? ஆளைக் கூப்பிட்டா நாலு நாள் ஆகுதுங்க.

போட்டுக்கலாம் அம்மணி. மொதல்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைப் பாருங்க. எத்தனை ஸ்லாட், என்ன வேகம்னு அங்கேயே இருக்கும். அப்பறம் ஷட்டவுன் பண்ணி, ஒயரைப் புடுங்கிட்டு, பவர் பட்டனை ஒருக்கா அழுத்தி விடுங்க, மீதி கரண்ட் எறங்கிரும். கேபினட்டோட இரும்பைத் தொட்டுட்டு ரேமை ஓரத்துல புடிங்க, தங்கப் பின்னுல கை படக்கூடாது. வெட்டு ஸ்லாட் மேட்டோட சேர்றதைப் பார்த்துட்டு ரெண்டு முனையையும் சமமா அழுத்துங்க. கொஞ்சம் பலமாத்தான் அழுத்தோணும். க்ளிப் தானா மேல வந்து ‘டக்’குனு பூட்டிக்கும். அந்தச் சத்தம் கேக்கலைன்னா இன்னும் உட்காரலைன்னு அர்த்தம், எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க. ஆன் பண்ணினதும் சிபியு-இசட்ங்கற இலவச சாப்ட்வேர்ல மெமரி பக்கம் போய்ப் பார்த்தா சேனல் ரெண்டுன்னு காட்டும். காட்டலைன்னா போர்டு பேரையும் எந்த ஸ்லாட்டுல போட்டீங்கங்கறதையும் எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.