மெமரி டிரைவரில் ஒரு ஹார்டுவேர் வசதி இனிஷியலைஸ் ஆகவில்லை என்றால், புரோபையே ஃபெயில் செய்ய வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஒருவர் லினக்ஸில் ஒரு மெமரி டிவைஸுக்கு டிரைவர் எழுதுகிறார். புரோப் ஃபங்ஷனில் (டிரைவரை டிவைஸோடு ஒட்டும்போது கெர்னல் கூப்பிடுவது) மெமரியை அமைத்து முடித்தபின், மெமரிப் பிழைகளைப் பின்னணியில் திருத்தும் ஸ்க்ரப் வசதியைப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவு பிழை கொடுத்தால் புரோபும் அதே பிழையோடு வெளியேற வேண்டுமா, லாக் எழுதிவிட்டு மேலே போகலாமா?

மேலே போங்கள். ஆனால் ரிட்டர்ன் வரியை அழித்துவிட்டு அங்கே ஒரு லாக் வரியைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிழையை விழுங்கிய அந்த நொடியிலிருந்து சில பொறுப்புகள் உங்கள் தலையில் வந்து விழுகின்றன.

முதலில், ஏன் மேலே போகலாம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பேட்ரல் ஸ்க்ரப் என்பது டிவைஸ் தானாகவே பின்னணியில் மெமரி முழுவதையும் மெதுவாகப் படித்து, திருத்தக்கூடிய பிட் பிழைகளைத் திருத்தி எழுதி வைக்கும் வேலை. ஒரே இடத்தில் இரண்டாவது பிட்டும் கெட்டு, திருத்தவே முடியாத நிலை வருவதற்குள் முந்திக்கொள்வதுதான் நோக்கம். இந்த வேலையைக் கட்டுப்படுத்தும் வசதி கிடைக்காவிட்டாலும் மெமரி மெமரியாகவே இருக்கும். படிக்கும்போது நடக்கும் இசிசி (கூடுதல் பிட்களை வைத்துப் பிழையைக் கண்டு திருத்தும் முறை) திருத்தமும் தன் பாட்டுக்கு நடக்கும். ஆனால் புரோபை ஃபெயில் செய்தால் என்ன ஆகும்? சிஎக்ஸ்எல் (பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு வழியாக மெமரியைச் சேர்க்கும் முறை) மெமரி டிவைஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி டிரைவர் ஒட்டாவிட்டால் எண்ட்பாயிண்ட் (அந்த இணைப்பின் கடைசி முனையைக் குறிக்கும் கெர்னல் பொருள்) உருவாகாது. எண்ட்பாயிண்ட் இல்லாமல் டிரைவர் வழியாக ரீஜன் (சிஸ்டம் முகவரிகளோடு இணைக்கப்பட்ட மெமரிப் பகுதி) அமையாது. ரீஜன் அமையாவிட்டால் அந்த மெமரி ஒரு நியூமா நோடாக (கெர்னல் தனியாகக் கையாளும் மெமரித் தொகுதி) சிஸ்டத்துக்கு வந்து சேராது. காலிங் பெல் ரிப்பேர் என்று வீட்டையே பூட்டிவிட்ட கதைதான்.

கெர்னலின் சிஎக்ஸ்எல் டிரைவர்களை இதற்குப் பாடமாகவே படிக்கலாம். ஸ்க்ரப், டிடிஆர்5 மெமரியின் இசிஎஸ் (பிழையைச் சோதித்துத் திருத்தும் ஸ்க்ரப்) போன்ற வசதிகளை ஈடாக் (கெர்னலின் பிழை கண்டறியும் பகுதி) வழியாக வெளிக்காட்டும் கோடு 2025இல் மெயின்லைனுக்கு (அதிகாரப்பூர்வ கெர்னலுக்கு) வந்தது. மெமரி டிரைவரின் புரோப், அந்தப் பதிவு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பிழை வந்தால் டீபக் நிலையில் ஒரு வரி எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. பிசிஐ பக்கத்து டிரைவரிலும் இதே போக்குதான். காம்பொனென்ட் ரிஜிஸ்டர்கள் (சிஎக்ஸ்எல் அமைப்புக்கான ஹார்டுவேர் ரிஜிஸ்டர்கள்) கிடைக்கவில்லை என்றால் வார்னிங் மட்டும். அவை இல்லாவிட்டாலும் டிவைஸை நிர்வகிக்க இந்த டிரைவர் பயன்படும், அதனால் பிழை திருப்ப வேண்டாம் என்று அங்கே கமெண்டே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மீடியா ரெடி சோதனை. டிவைஸ் பவர் ஆகி, உள்ளே இருக்கும் மெமரி தயாராக நேரம் எடுக்கும். அதனால் டிரைவர் உடனே கையை விரிக்காமல் காத்திருக்கிறது. இயல்பான கெடு 60 விநாடி, மாட்யூல் பாராமீட்டரில் மாற்றிக்கொள்ளலாம். கெடு தாண்டியும் தயாராகவில்லை என்றால் பிசிஐ டிரைவர் ‘மீடியா ஆக்டிவாக இல்லை’ என்று ஒரு வார்னிங் போட்டுவிட்டு ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் மெயில்பாக்ஸ் (டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் வழி) இன்னும் பேசும். டிவைஸின் உடல்நிலையைக் கேட்கலாம், ஃபர்ம்வேரை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அடுத்த படியில் இருக்கும் மெமரி டிரைவர் அதே நிலையைப் பார்த்ததும் ‘பிஸி’ பிழை கொடுத்து வெளியேறுகிறது. குறை ஒன்றுதான், முடிவு இரண்டு. தான் கொடுப்பதாகச் சொன்ன சேவையை இந்தக் குறையோடு தர முடியுமா என்பதை ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறது. உங்கள் புரோபில் வரும் ஒவ்வொரு பிழைக்கும் நீங்களும் இதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, இனி பொறுப்புகள். எல்லாப் பிழையும் ஒரே பிழை அல்ல. ‘இந்த டிவைஸில் அந்த வசதியே இல்லை’ என்பது ஒன்று, ‘இருக்கிறது, ஆனால் எழவில்லை’ என்பது வேறு. ஈடாக் கோடு இதைச் சரியாகப் பிரிக்கிறது. ஸ்க்ரப் இனிஷியலைஸ் ஃபங்ஷன் ‘ஆதரவு இல்லை’ என்ற பிழையைக் கொடுத்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வசதிக்குப் போகிறது. வேறு எந்தப் பிழையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது. (ஸ்க்ரப் உடைந்திருந்தால் இசிஎஸ்ஸை முயன்றுகூடப் பார்ப்பதில்லை என்பது இதன் பக்கவிளைவு. அவ்வளவு கறார் தேவையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.) கிளாக், ரெகுலேட்டர் மாதிரி வேறு டிரைவர்களை நம்பியிருக்கும் வசதி என்றால் மூன்றாவது ஒன்றும் உண்டு: புரோப் டிஃபர். ‘நான் நம்பியிருப்பவர் இன்னும் வரவில்லை, அப்புறம் கூப்பிடு’ என்று பொருள். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விழுங்காதீர்கள், அப்படியே மேலே அனுப்புங்கள். விழுங்கினால், இரண்டு விநாடி கழித்து நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய வசதி அடுத்த ரீபூட் வரைக்கும் காணாமல் போகும். அதுவும் பூட் வரிசையைப் பொறுத்து ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

அடுத்தது பாதி வேலையைக் கலைப்பது. ரிவ்யூவில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் (எடுத்த வளங்களை டிவைஸோடு கட்டி வைப்பவை) தானாகச் சுத்தம் செய்யும் என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். எப்போது சுத்தம் செய்யும்? புரோப் ஃபெயில் ஆனால், அல்லது டிரைவர் கழற்றப்பட்டால். நீங்கள்தான் புரோபை ஜெயிக்க வைத்துவிட்டீர்களே! அப்படியானால் அந்த வசதிக்காகப் பாதி வழியில் எடுத்த மெமரியும், பதிவு செய்த இன்டரப்டும், உருவாக்கிய சிஸ்எஃப்எஸ் ஃபைலும் (கெர்னல் தன் அமைப்புகளைப் பயனருக்குக் காட்டும் ஃபைல்) டிரைவர் இருக்கும்வரை அங்கேயே இருக்கும். நிரப்பப்படாத ஒரு ஸ்ட்ரக்சரை அந்த ஃபைல் காட்டிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு மானிட்டரிங் ஸ்கிரிப்ட் ராத்திரி வந்து அதைப் படிக்கும், நல் (எதையும் சுட்டாத) பாயிண்டரில் கெர்னல் விழும். புரோப் ஃபெயில் ஆகியிருந்தால்கூட இதைவிடத் தேவலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. அந்த வசதிக்கான எல்லாவற்றையும் ஒரு டெவ்ரெஸ் குரூப்புக்குள் (டெவ்எம் வளங்களைச் சேர்த்து விடுவிக்க உதவும் தொகுப்பு) திறந்து, பிழை வந்தால் அந்தக் குரூப்பை மட்டும் விடுவிக்கலாம். இன்னும் நல்ல வழி, எதையும் வெளியே காட்டாமல் முதலில் எல்லாவற்றையும் தயார் செய்து ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரே கூப்பிடலில் பதிவு செய்வது. சிஎக்ஸ்எல் ஈடாக் கோடு இரண்டாவதைத்தான் செய்கிறது. ஹார்டுவேர் பக்கத்தையும் மறக்க வேண்டாம். இன்டரப்டை எனேபிள் செய்தபின் பிழை வந்திருந்தால், ரிஜிஸ்டரில் அதை அணைத்துவிட்டு வாருங்கள். டெவ்எம்முக்கு உங்கள் ரிஜிஸ்டர் தெரியாது. வசதி இல்லை என்று ஆனபின் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ‘பாயிண்டர் நல் ஆக இருக்கிறதா’ என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த ஃபைலையே காட்டாமல் விடுவது சுத்தம்.

லாக் நிலை பற்றி என் கருத்து கெர்னலில் இருப்பதிலிருந்து கொஞ்சம் வேறு. வசதி இல்லாத டிவைஸுக்கு டீபக் நிலை போதும், இல்லாததற்கெல்லாம் வார்னிங் போட்டால் லாக் குப்பையாகும். ஆனால் டிவைஸ் ‘என்னிடம் உண்டு’ என்று சொன்ன பிறகு எழவில்லை என்றால் அது வார்னிங்குக்கு உரியது. ஒரு அட்மின் ஸ்க்ரப் சுழற்சியை 12 மணி நேரமாக வைக்க நினைத்து, அதற்கான சிஸ்எஃப்எஸ் ஃபைலில் 43200 விநாடி என்று எழுதப் போகிறார் என்று வையுங்கள். போய்ப் பார்த்தால் ஸ்க்ரப் டைரக்டரியே இல்லை. கெர்னல் லாக்கிலும் ஒரு வரி இல்லை. அவர் டைனமிக் டீபக்கை (டீபக் வரிகளை ஓடும்போதே காட்ட வைக்கும் வசதி) ஆன் செய்து, டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டினால்தான் காரணம் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மெமரி டிரைவரைக் கழற்றி மாட்டு என்று யாரிடம் சொல்வது? பிழை எண்ணோடு ஒரே ஒரு வார்னிங் வரி இருந்தால் அவருக்கு அரை நாள் மிச்சம்.

எங்கே கட்டாயம் ஃபெயில் செய்ய வேண்டும்? முகவரியை மெமரியோடு பொருத்தும் டிகோடர் அமைப்பில் பிழை வந்தால் பேச்சே வேண்டாம், வெளியேறுங்கள். தப்பான இடத்துக்கு எழுதும் மெமரியைவிட இல்லாத மெமரி மேல். பயனர் என்கிரிப்ஷன் வேண்டும் என்று கேட்டு அது எழவில்லை என்றாலும் அப்படித்தான். சத்தமில்லாமல் என்கிரிப்ஷன் இல்லாத மெமரியைக் கொடுப்பது துரோகம். ஓடும்போது வரும் சிக்கலில் கெர்னல் எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ரீஜன்களை நீக்காமல் செகண்டரி பஸ் ரீசெட் (பிசிஐ பிரிட்ஜுக்குக் கீழே இருக்கும் டிவைஸ்களை ரீசெட் செய்வது) நடந்து டிகோடர் அமைப்பு அழிந்துபோனால், சிஸ்டம் நிலையில்லாமல் போகலாம் என்று கிரிட்டிகல் நிலையில் எழுதி, கெர்னலையே டெயின்ட் செய்துவிடுகிறது (இனி நம்பகமானதல்ல என்று குறித்துவிடுகிறது).

கடைசியாக, இந்தப் பிழைப் பாதையை ஓட்டிப் பார்க்காமல் பேட்ச் அனுப்பாதீர்கள். நல்ல ஹார்டுவேரில் அது ஒருபோதும் ஓடாது. கியூஎமு என்ற எமுலேட்டர் சிஎக்ஸ்எல் மெமரி டிவைஸைப் போலி செய்து தருகிறது, பேட்ரல் ஸ்க்ரப்பும் அதில் உண்டு. கெர்னலின் ஃபால்ட் இன்ஜெக்ஷனில் (வேண்டுமென்றே பிழை உண்டாக்கும் வசதி) ஃபெயில்ஸ்லாப் மூலம் மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கலாம். கேசானும் (தவறான மெமரி அணுகலைக் கண்டுபிடிப்பது) கேமெம்லீக்கும் (விடுவிக்காத மெமரியைக் கண்டுபிடிப்பது) ஆன் செய்த கெர்னலில் இப்படித் தோற்கடித்துவிட்டு, டிரைவரைக் கழற்றி மாட்டி, சிஸ்எஃப்எஸ்ஸில் கண்ணில் பட்ட எல்லா ஃபைலையும் படித்துப் பாருங்கள். அதில் எதுவும் கத்தவில்லை என்றால் பேட்சை அனுப்பலாம்.