டாக்டர் அறைக்குள் பேசுவது ஹாலுக்குக் கேட்கிறதா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் சீட்டுப் போடும் வேலையில் இருக்கிறேன். ஒரே ஹால், அதை பிளைவுட்டால் தடுத்துத்தான் டாக்டர் அறை. உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். போன வாரம் ஒரு பெண் கூட்டத்தைப் பார்த்ததும், எதுவும் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யாரோ. உங்கள் ஹாலில் அவர் சம்பந்தி வீட்டுக்காரராக இருப்பார். வெள்ளைப்படுதல், மூலம், குழந்தையின்மை, மனச்சோர்வு, காசநோய் என்று இழுத்தடித்து, முற்றிய பிறகு வருகிறவர்களில் பலர் இந்தக் கூச்சத்தால்தான் தள்ளிப்போட்டிருப்பார்கள். அந்தப் பெண் திரும்பிப் போனதை அதனால்தான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் உங்கள் மேசை. "என்ன பண்ணுது?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். சீட்டுப் போடப் பெயர், வயது, பழைய நோயாளியா புதியவரா என்பது போதும். ஒன்றே ஒன்றை மட்டும் எல்லாரிடமும் கேட்டாக வேண்டும்: "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, பாம்புக்கடி, வலிப்பு மாதிரி உடனே பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?" ஆமாம், இல்லை என்பதில் பதில் வந்துவிடும். ஆமாம் என்றால் வரிசையைப் பார்க்காமல் உள்ளே அனுப்புங்கள். மற்றதை அவர் டாக்டரிடம் சொல்லிக்கொள்வார். ஓ.பி. நோட்டு விரித்தபடி மேசையில் கிடந்தால், குனிந்து கையெழுத்துப் போடுகிறவர் மேலே உள்ள பத்து பேரையும் படித்துவிடுவார். அதை உங்கள் பக்கம் திருப்பி, ஒரு அட்டையால் மூடி வையுங்கள்.

அடுத்தது, நம் ஊர்களில் ஊறிப்போன பழக்கம். ஒருவரை டாக்டர் பார்க்கும்போதே அடுத்த இரண்டு பேர் அதே அறைக்குள் ஸ்டூலில் காத்திருப்பார்கள். நேரம் மிச்சம் என்பார்கள். ஆனால் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் நோயாளி பாதியைத்தான் சொல்வார். மீதி பாதியைச் சொல்ல மறுபடி வருவார், இல்லையென்றால் வரவே மாட்டார். டாக்டரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது பேசுங்கள். ஸ்டூலை வெளியே எடுத்துப் போட ஒரு ரூபாய் செலவில்லை.

தடுப்பு கூரை வரை எட்டவில்லையா? தச்சரைக் கூப்பிட்டு மேல் இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள். சத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. அதுவரை முதல் வரிசை நாற்காலிகளைத் தடுப்பிலிருந்து தள்ளி எதிர்ச்சுவர் ஓரம் போட்டு, டிவியைத் தடுப்புப் பக்கம் மெதுவான சத்தத்தில் ஓடவிடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசுகிற பாட்டி வந்தால், "தெலுங்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஹாலில் குரல் கொடுக்கிறார்கள். எழுந்து வருகிறவர் பாட்டியின் தெருக்காரர்! மொழிபெயர்க்க உங்கள் ஊழியர்களில் ஒருவர் இருப்பது நல்லது. இல்லையென்றால் யார் கூட இருக்கலாம் என்பதைப் பாட்டியே சொல்லட்டும்.

கூட வந்த கணவரையும் மாமியாரையும் ஒரு நிமிடமாவது வெளியே இருக்கச் சொல்லி, பெண்ணிடம் தனியாகப் பேசும் வழக்கம் வேண்டும். எல்லாருக்கும் இதே முறை என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆண் டாக்டர் உடலைப் பரிசோதிக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவை தவிர நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. காசநோயை 2012 முதல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அந்தத் தகவல் அரசோடு நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும்.

ஓசூர் கம்பெனியிலிருந்து போன் போட்டு, "இந்த லீவு சர்ட்டிஃபிகேட் நிஜமா, அவருக்கு என்ன வியாதி?" என்று கேட்டால், நோயாளி சம்மதித்திருந்தால் மட்டும் "நாங்கள் கொடுத்ததுதான்" என்று சொல்லுங்கள். வியாதி பற்றி வாயே திறக்காதீர்கள்.

அப்புறம் லேப் ரிப்போர்ட். தட்டில் குவித்து வைத்து "உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்குங்க" என்பது வேண்டாம். கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால், எந்த நம்பருக்கு அனுப்பலாம் என்று சீட்டுப் போடும்போதே நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருப்பது பல நேரம் கணவர் நம்பராகவோ அண்ணன் நம்பராகவோ இருக்கும்.