கிளாஸ்கோவில் மாறிய ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக 'ஒழித்தல்' என்றிருந்ததைக் 'குறைத்தல்' என்று இந்தியா மாற்ற வைத்தது. அதே மாநாட்டில்தான், 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை (வெளியிடும் அளவுக்குக் கரியமில வாயுவை அகற்றியும் விடும் நிலையை) எட்டுவோம் என்றும் பிரதமர் அறிவித்தார். இதில் எதை நம்புவது? வெளிநாடுகளின் நெருக்கடிதான் நம் கொள்கையைத் தீர்மானிக்கிறதா?

இப்படிக்கு, ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'குறைத்தல்' என்பது இந்தியா கண்டுபிடித்த சொல் அல்ல; மூன்று நாட்களுக்கு முன் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே அது இருந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் திருத்தத்தை வாசித்ததும், மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டதும் உலகெங்கும் ஒளிபரப்பாயின. ஏழை நாடுகள் எரிக்கும் நிலக்கரியைப் பெயர் சொல்லிச் சுட்டிய அந்த உடன்பாடு, பணக்கார நாடுகள் எரிக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் அப்படிச் சுட்டவில்லை என்பது மட்டும் அதிகம் பேசப்படாமலே போயிற்று.

நெருக்கடி இல்லை என்று சொல்லமாட்டேன். 1997 கியோட்டோ ஒப்பந்தம் வளரும் நாடுகளுக்கு உமிழ்வுக் குறைப்பு இலக்கு எதையும் விதிக்கவில்லை; 2009-ல் கோபன்ஹேகன் மாநாடு நெருங்கிய வேளையில் சீனா தன் இலக்கை அறிவித்த ஒரு வாரத்துக்குள், 2020-க்குள் உமிழ்வுச் செறிவை 2005-ஐவிட 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் அறிவித்தார். செறிவு என்பது, குறிப்பிட்ட மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு. பொருளாதாரம் வளர்வதால் மொத்த உமிழ்வு கூடினாலும் இந்த இலக்கை எட்ட முடியும். எப்போது வாக்களிப்பது என்பதை நெருக்கடி முடிவு செய்தது, எதை வாக்களிப்பது என்பதை நாம் முடிவு செய்தோம். 2015-ல் 33 முதல் 35 சதவீதம், 2022-ல் 45 சதவீதம் என்று 2030-க்கான இலக்கு உயர்ந்தபோதும் அளவுகோல் அதுவாகவே இருந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தூய எரிசக்தி நிதிக்கென்று தொடங்கி 2016-ல் 400 ரூபாயாக உயர்ந்த நிலக்கரி வரி, 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும், அதனால் மாநிலங்கள் இழக்கும் வருவாயை ஈடுகட்டும் இழப்பீட்டுக் கணக்கில் கரைந்துவிட்டது. 2024 பாகு காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் நிதி போதாது என்று நாம் போராடியது முழுக்க நியாயம். ஆனால் நிலக்கரி வரியாக நாமே திரட்டிய பணத்தில், நூறாண்டாக நிலத்தடியில் நெருப்பு எரியும் ஜார்க்கண்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ஜாரியாவின் குடும்பங்களுக்கு முதல் உரிமை இருந்திருக்க வேண்டும்.

அன்புடன்.