வராத உறுப்பினரை நீக்கலாமா?

கேள்வி: எங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் 36 உறுப்பினர்கள். வேலை செய்வது 13 பேர்தான். மற்ற 23 பேரில் சிலர் மூன்று, நான்கு வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விதியை மாற்ற வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதி வைத்துவிட்டோம். அதனால் எதையும் மாற்ற முடியவில்லை. வராதவர்களை நீக்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களை எப்படி நீக்குவது என்கிறார்கள் வேறு சிலர். வராதவர்களில் ஒருவர் திட்டத்தைத் தொடங்கியவர், எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர். என்ன செய்யலாம்?

பதில்: ‘உறுப்பினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்களைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்கள். மூலநிரலில் கைவைக்கும் உரிமை, ஓட்டு, அப்புறம் மரியாதை. மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். முதலாவதை இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். இரண்டாவதை எண்ணும் விதியை மாற்றுங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள்.

உரிமையை ஏன் இந்த வாரமே வாங்கச் சொல்கிறேன்? 2022 மே மாதம் பைத்தான் என்ற நிரல்மொழிக்கான தொகுப்புகள், அதாவது பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள், இருக்கும் பைபிஐ தளத்தில் நடந்ததைக் கேளுங்கள். ‘சிடிஎக்ஸ்’ என்று ஒரு சின்னத் தொகுப்பு. 2014 டிசம்பருக்குப் பிறகு அதில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதியவர் தன் சொந்த டொமைனில் (இணைய முகவரிப் பெயரில்) இருந்த மின்னஞ்சலைக் கணக்குக்குக் கொடுத்திருந்தார். அந்த டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. வேறு யாரோ அதே டொமைனைக் காசு கொடுத்து வாங்கி, அதே மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று பைபிஐ தளத்தில் சொன்னார்கள். கணக்கு கைமாறிவிட்டது. ஏழு வருடத்துக்கு மேல் தூங்கிய தொகுப்பில் புதிய பதிப்பு வந்தது. அதை நிறுவியவர்களின் கணினியில் இருந்த சூழல் மாறிகளை, அதாவது கிளவுட் கணக்குகளின் ரகசியச் சாவிகள் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் இடத்தையே, அது வெளியே அனுப்பியது.

தொகுப்பை எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை. வேறு வேலை பார்க்கப் போய்விட்டார், அவ்வளவுதான். உங்கள் 23 பேரும் அப்படித்தான், நல்லவர்கள். ஆனால் அவர்களுடைய பழைய கல்லூரி மின்னஞ்சலும், விட்டுப்போன அலுவலக முகவரியும், இரட்டைச் சரிபார்ப்பு போடாத கணக்கும் இன்று யார் கையில் இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் நீண்ட நாள் கமிட் செய்யாதவரின், அதாவது மூலநிரலில் மாற்றம் எதுவும் சேர்க்காதவரின், உரிமையைத் திரும்ப எடுப்பதை ‘பத்திரமாக எடுத்து வைத்தல்’ என்ற பொருளில்தான் சொல்வார்கள். ஊருக்குப் போகிறவர் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஜென்டூ லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் இதே வேலையைச் செய்யும் குழுவுக்கு இறுதிச் சடங்கு செய்பவர்கள் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரை நீங்கள் பின்பற்ற வேண்டாம். திரும்பி வர நினைப்பவரை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதற்கு ஓட்டெடுப்பு வேண்டுமா என்றால், வேண்டியிராது. நீங்கள் சொல்கிற மூன்றில் இரண்டு பங்கு விதி மாற்றத்துக்குத்தான். கணக்குப் பாதுகாப்பு நிர்வாகிகளின் அன்றாட வேலை. 12 மாதம் பயன்படுத்தாத கமிட் உரிமை தானாக நிற்கும், கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று 36 பேருக்கும் ஒரே மாதிரி அறிவியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் மின்னஞ்சலை நம்பாமல், தெரிந்தவர் ஒருவர் போனிலோ வீடியோவிலோ பேசி உறுதி செய்யட்டும். சிடிஎக்ஸில் புகுந்தவர் போல ஒருவர் ‘நான்தான் வந்திருக்கிறேன்’ என்று எழுதினால், எழுத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது ஓட்டு. உங்கள் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 24. வேலை செய்யும் 13 பேரும் ஒரே மனதாக இருந்தாலும் 11 குறைகிறது. வராதவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அவருடைய மௌனம் ஒவ்வொரு முறையும் எதிர் ஓட்டாக விழுகிறது. பெரிய திட்டங்கள் இதை இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன. ஒன்று, ஓட்டுரிமையைச் செயல்பாட்டோடு கட்டுவது. ஃப்ரீபிஎஸ்டியின் ஒன்பது பேர் கொண்ட மையக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள், முந்தைய 12 மாதத்தில் கமிட் செய்தவர்கள் மட்டுமே. பைத்தான் மொழியை உருவாக்கும் திட்டத்தில் இரண்டு ஆண்டு பங்களிக்காத மையக் குழு உறுப்பினரை நிர்வாக மன்றம் செயல்படாதோர் பட்டியலுக்கு மாறச் சொல்லலாம். பதிலே வராவிட்டால் மன்றமே மாற்றலாம்.

இன்னொரு வழி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்துடையது. அங்கே சுமார் 1000 பேர். தீர்மானம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆதரவை, சங்கக் கூட்டங்களில் கோரம் என்பார்களே, அதை, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல ஒன்றரை மடங்காக வைத்திருக்கிறார்கள். 1000 பேருக்கு 48 ஓட்டுதான் வரும். உங்கள் 36-க்கு வர்க்கமூலம் 6, ஒன்றரை மடங்கு 9. ஒன்பது பேரின் ஆதரவு இருக்க வேண்டும், விதி மாற்றமானால் ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் யாரையும் நீக்காமலே திட்டம் நகரும். உங்கள் அளவுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். யார் செயல்படுகிறார், யார் செயல்படவில்லை என்று வருடா வருடம் கணக்குப் பார்க்கும் மனக்கசப்பு சின்னக் குழுவுக்குத் தாங்காது. கமிட்டை மட்டும் எண்ணினால் மொழிபெயர்த்தவர், பிழை அறிக்கைகளைப் பிரித்துக் கொடுத்தவர், புதியவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னவர் எல்லாம் செயல்படாதவர் ஆகிவிடுவார்கள்.

சரி, அந்த விதியைக் கொண்டுவரவே 24 ஓட்டு வேண்டுமே? 23 பேருக்கும் எழுதுங்கள். இரண்டே வாய்ப்பு கொடுங்கள்: இந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் வந்து ஓட்டுப் போடுங்கள், அல்லது நீங்களாகவே முன்னாள் உறுப்பினர் பட்டியலுக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் முடிச்சு கொஞ்சம் அவிழும். எட்டுப் பேர் விலகினால் மொத்தம் 28, தேவை 19. உங்கள் 13 பேரோடு ஆறு பேர் வந்து ஆதரித்தால் முடிந்தது. 23 பேரில் 14 பேர் பதில் சொன்னால் போதும். 36 என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப் போயிருப்பீர்கள், ஆனால் இது எட்டக்கூடிய தூரம்தான்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில் நான் ஒரு பாடம் படித்தேன். சில வருடம் முன்பு நான் இருந்த ஒரு குழுவில் இரண்டு வருடமாகக் காணாத நண்பருக்கு நானே எழுதினேன். ‘தாங்கள் செயல்படாத காரணத்தால் 30 நாளில் நீக்கப்படுவீர்கள்’ என்று தொடங்கினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், இரவு பகலாகக் கூடவே இருக்கிறேன், நீக்கிக்கொள்ளுங்கள். இரண்டே வரி. அவர் எழுதிய நிறுவி அன்றைக்கும் எங்கள் பயனர்கள் எல்லோருடைய கணினியிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. அடுத்த வருடம் நான் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது: ‘நலமா? நீங்கள் 2016-ல் எழுதிய தேடல் பகுதியை இந்த மாதம்தான் மாற்றினோம், அதுவரை அதுதான் தாங்கியது.’ உரிமையை எடுத்து வைக்கிறோம் என்பதும், எப்போது கேட்டாலும் தருவோம் என்பதும் அடுத்த பத்தியில்தான். எழுதியது ஒன்பது பேருக்கு, ஏழு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் திரும்பியே வந்துவிட்டார்.

டெபியனிலும் காணாமல் போனவர்களைத் தேடவே ஒரு குழு உண்டு. மெல்லக் கேட்பது, கொஞ்சம் அழுத்திக் கேட்பது, கடைசி எச்சரிக்கை என்று படிப்படியாகப் போகிறார்கள். விலகியவர் ஓய்வுபெற்றவர் என்ற தகுதியில் இருப்பார், மறுபடி வந்தால் புதியவரைப் போல எல்லாச் சோதனையையும் கடக்கத் தேவையில்லை. நீங்களும் நன்றிப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், பெயர், வருடம், செய்த வேலை மூன்றோடும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். காலியான இடத்தை உடனே நிரப்ப நினைக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியை ஒருவர் தனியாகப் பராமரித்து வந்தார். அவர் மெதுவாக இருக்கிறார், வேறொருவரிடம் கொடுங்கள் என்று 2022-ல் முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அஞ்சல்கள் வந்து அழுத்தின. பொறுமையாக உதவி செய்துகொண்டிருந்த புதியவருக்கு உரிமை போனது. 2024 மார்ச்சில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் நுழைத்த பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே வர விடும் வழி, கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் குழுவில் வராதவரை நீக்கு என்று அதிகம் குரல் கொடுப்பவர் யார், எத்தனை நாளாகத் தெரியும் என்பதையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அக்கறையில்தான் சொல்லியிருப்பார்.

கடைசியாக, தொடங்கியவர். அவருக்குக் கடிதம் வேண்டாம். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். திட்டத்தின் டொமைன், மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தின் உரிமையாளர் கணக்கு, பதிப்புகள் அசல்தான் என்று கையெழுத்திடும் சாவி எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கும் என்பது என் ஊகம். விலகச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக ஒருவர் பெயரைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், யாரைச் சேர்ப்பது என்பதையும் அவரையே கேளுங்கள். டொமைன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பார்த்துவிட்டுப் போனை எடுங்கள்.