பசிக்கிறவனுக்கு மெழுகுவர்த்தி எதற்கு?

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் இந்த முறை ஹனுக்கா என்ற எட்டு நாள் பண்டிகையின் ஐந்தாம் இரவுக்கு எங்களைத் தங்கள் ஆலயத்துக்குக் கூப்பிட்டது. விளக்கேற்றினார்கள், பாடினார்கள், உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த அடை கொடுத்தார்கள். வாசலில் இரண்டு பெரிய கூடைகள் இருந்தன. அன்று மட்டும் யாரும் யாருக்கும் பரிசு கொடுப்பதில்லை, பதிலாக இல்லாதவர்களுக்கு வேண்டியதை அந்தக் கூடையில் போட வேண்டும் என்றார்கள். நான் இரண்டு குளிர்காலக் கோட்டுகள் கொண்டுபோனேன். டின் உணவு, கையுறை எல்லாம் இருந்தன. நடுவே நாலைந்து மெழுகுவர்த்திப் பெட்டிகளும். கஷ்டப்படுகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி எதற்கு? அந்தக் காசுக்கு அரிசி, பருப்பு வாங்கிப் போடலாமே? கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். இந்த தானமெல்லாம் பண்டிகையிலேயே இருப்பதா, அல்லது கிறிஸ்துமஸைப் பார்த்து வந்ததா என்றும் ஒரு சந்தேகம். என் கணவர், "இது அவங்க தீபாவளி, அவ்வளவுதான்" என்கிறார்.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டிருக்கலாம். யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதிலேயே ஹனுக்காவின் கதை "ஹனுக்கா என்றால் என்ன?" என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் கணவரின் தீபாவளியை முதலில் பார்த்துவிடலாம். நம்மூரில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி. வாசலில் விளக்கு வைக்கிற நாள் நமக்குக் கார்த்திகை. ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் அதோடு ஒப்பிடலாம். அதுவும் அகலோடு நின்றுவிடும், கதை வேறு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க வழிவந்த செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தைச் சீயஸ் தெய்வத்துக்கு மாற்றினான். மோதியின் என்ற ஊரின் பூசாரி மத்தத்தியாவும் அவர் மகன்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களில் யூதா மக்கபே கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டு, சுத்தம் செய்து, மறுபடி அர்ப்பணம் செய்தார். ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணம் என்றுதான் பொருள். உங்கள் வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் யோவான் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' என்று இருக்கும், மாரிகாலம் என்றும் இருக்கும். அது ஹனுக்காதான். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம், இந்தப் போரைச் சொல்லும் மக்கபேயர் நூல்களில் கிடையாது. பல நூறு ஆண்டு கழித்துத் தல்மூதில்தான் வருகிறது. போர்க்கதை பின்னுக்குப் போய் விளக்குக்கதை முன்னுக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

சரி, மெழுகுவர்த்திக்கு வருகிறேன்.

ஹனுக்கா விளக்கு வீட்டுக்கு வெளிச்சம் தருவதற்கானது இல்லை. அந்த வெளிச்சத்தில் காசு எண்ணக்கூடாது என்று தல்மூதே தடுக்கிறது. ஒன்பதாவதாக ஒரு மெழுகுவர்த்தி கொஞ்சம் உயரமாகவோ தள்ளியோ நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஷமாஷ் என்று பெயர், பணியாள் என்று அர்த்தம். மற்றவற்றை ஏற்றுவது அதன் வேலை. தப்பித்தவறி யாராவது அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திவிட்டால் அது ஷமாஷின் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மற்ற விளக்குகள் யாருக்கு? தெருவில் போகிறவனுக்கு. அற்புதம் நடந்ததை ஊருக்குச் சொல்வது அவற்றின் ஒரே வேலை. அதனால் வீட்டு வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும், மேல்மாடியில் இருப்பவர்கள் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டும். எதுவரை எரிய வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு: கடைத்தெருவில் கால் நடமாட்டம் ஓயும்வரை.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் யூதச் சட்டங்களைத் தொகுத்தவர், தொழிலால் வைத்தியர். அவர் எழுதிய விதி இது: பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவனாக இருந்தாலும், கடன் வாங்கியாவது, போட்டிருக்கும் மேலாடையை விற்றாவது, எண்ணெயும் விளக்கும் வாங்கி ஏற்ற வேண்டும்.

முதலில் படித்தபோது எனக்கு இது கொடுமையாகப் பட்டது. குளிர்காலத்தில் வருகிற பண்டிகை, இருக்கிற ஒரே கோட்டையும் விற்கச் சொல்கிறார்களே என்று. ஆனால் இந்த விதியை அந்த ஏழை மட்டும் படிப்பதில்லை, ஊரே படிக்கிறது. அவன் கோட்டை விற்கப் போகிறான் என்று தெரிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? பஸ்கா பண்டிகைக்கும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. நான்கு கோப்பை திராட்சை ரசம் யாருக்கும் குறையக்கூடாது. இல்லாதவனுக்கு ஊரின் தர்மக் கஞ்சித்தொட்டியிலிருந்தாவது கொடுக்க வேண்டும் என்று தல்மூதுக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னா நேராகவே சொல்கிறது.

ஆக, நீங்கள் கொண்டுபோன கோட்டும் யாரோ வைத்த மெழுகுவர்த்திப் பெட்டியும் ஒரே கூடையில் கிடந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பெட்டி போய்ச் சேர்ந்தால் கோட்டை விற்க வேண்டாம்.

அரிசியும் பருப்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கூடையில் டின் உணவும் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் அன்றைக்கும் வாங்கிக்கொண்டு போகிறவர்தான். ஜன்னலில் விளக்கு வைத்துவிட்டால் தெருவுக்கு அவரும் ஏதோ கொடுக்கிறார். கீழே நடந்துபோகிறவனுக்கு எந்த ஜன்னல் வசதியானவருடையது, எது இல்லாதவருடையது என்று தெரியாது. என் சிறுவயதில் கார்த்திகை அன்று அம்மா கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி இரண்டு வீடு தள்ளிக் கொடுத்துவிட்டு வரச்சொல்வார். "விளக்கு ஏத்த" என்று சொல்லிக் கொடு என்பார். சோறு கொடுத்தால் அந்த வீட்டுப் பாட்டி வாங்கமாட்டார், எண்ணெய் வாங்கிக்கொள்வார்.

இந்தக் கண்டிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, கையில் ஒரு விளக்குக்குத்தான் காசு. யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சப்பாத்துக்கு வீட்டுக்குள் ஏற்றும் விளக்கா, ஹனுக்கா விளக்கா? வீட்டு விளக்குதான் என்கிறார் மைமோனிடிஸ். குடும்பம் இருட்டில் உட்காரக்கூடாது, வீட்டில் சமாதானம் முக்கியம். மேலாடையை விற்கச் சொன்ன அதே அத்தியாயத்தின் முடிவில் இது வருகிறது.

அடுத்து, தானம் பண்டிகையிலேயே இருப்பதா என்ற கேள்வி. பூரிம் என்ற இன்னொரு பண்டிகையில் ஏழைகளுக்குக் கொடுப்பது நேரடிக் கட்டளை. ஹனுக்காவில் அப்படியொரு கட்டளை இல்லை. வழக்கமாகத்தான் வந்து சேர்ந்தது, ஆனால் அமெரிக்காவுக்கு முன்பே வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் போலந்தில் எழுதிய ஆபிரகாம் கோம்பினர், ஹனுக்காவில் ஏழைப் பையன்கள் வீடு வீடாகப் போகும் வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் சாதாரண மக்களுக்காக ஒரு சட்டச் சுருக்கம் எழுதிய ஷ்லோமோ கான்ஸ்ஃப்ரீட், இந்த எட்டு நாளும் தாராளமாகக் கொடுங்கள் என்கிறார்.

உங்கள் சந்தேகத்திலும் பாதி உண்மை இருக்கிறது. எட்டு இரவும் குழந்தைகளுக்குப் பரிசு என்பது கிறிஸ்துமஸ் பக்கத்தில் வளர்ந்த அமெரிக்க வழக்கம். பழைய வழக்கம் கெல்ட் என்கிற சில்லறைக் காசுதான், இப்போது அது தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட்டாகிவிட்டது. பரிசு மலை கூடிப்போனதைப் பார்த்து, ஓர் இரவை மட்டும் மற்றவர்களுக்கு விடுவோம் என்று சில குடும்பங்களும் சபைகளும் கிளம்பின. ஐந்தாம் இரவைச் சிலர் எடுத்துக்கொள்வதற்கு வசதியான காரணம் ஒன்று உண்டு. யூத நாட்காட்டியின் அமைப்புப்படி ஹனுக்காவின் ஐந்தாம் இரவு ஒருபோதும் வெள்ளிக்கிழமை இரவாக வராது. சப்பாத்தில் பணத்தைத் தொடக்கூடாது. ஐந்தாம் இரவில் அந்தச் சிக்கல் வராது. ஐந்து விளக்கு எரிந்தால் பாதி தாண்டிவிட்டது, இருட்டைவிட வெளிச்சம் அதிகம் என்றும் சொல்வார்கள். எனக்கு நாட்காட்டிக் காரணம்தான் பிடித்திருக்கிறது.

கூட்டமாகச் சேர்வதும் இப்படித்தான். விதிப்படி ஹனுக்கா வீட்டுப் பண்டிகை, வீட்டுக்கு ஒரு விளக்கு. ஆலயத்தில் ஏற்றினால் அவரவர் கடமை தீராது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று வீட்டிலும் ஏற்றியிருப்பார்கள், ஜன்னலைக் கவனித்தீர்களா? பிறகு ஆலயத்தில் எதற்கு? பழைய ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சொன்ன காரணங்களில் ஒன்று: ஊருக்கு வந்த வழிப்போக்கர்கள் ஆலயத்தில்தான் தங்குவார்கள், விளக்கேற்ற அவர்களுக்கு வீடு கிடையாது. நீங்கள் பார்த்த பாட்டும் கூட்டமும் அடையும் பின்னால் சேர்ந்தவை. இந்தக் காரணப்படி பார்த்தால் அந்த ஏற்பாடு வீடில்லாதவனை நினைத்துத் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் பேச்சு வாக்கில் 'ட்ஸெதாக்கா' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். தானம் என்று மொழிபெயர்ப்பார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி எழுதுவார்கள். நமக்கு வேண்டியதில்லை. "ஐயா, தர்மம் பண்ணுங்க" என்று கோயில் வாசலில் கேட்கிற சொல்லும், அறத்துக்கு நாம் சொல்கிற சொல்லும் ஒன்றுதானே. மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படியாக அடுக்கினார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. வாசல் கூடை கிட்டத்தட்ட அதுதான். உச்சிப்படி கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது, வேலை பிடித்துக் கொடுப்பது.

அமெரிக்காவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊர். 1993 டிசம்பரில், ஒரு யூத வீட்டில் சிறுவனின் அறை ஜன்னலில் ஒட்டியிருந்த மெனோரா, அதாவது ஹனுக்கா விளக்குத் தண்டின் படத்தைப் பார்த்துக் கல்லை விட்டெறிந்தார்கள். படத்தை எடுத்துவிடுங்கள் என்று பையனின் அம்மாவுக்கு அறிவுரை வந்தது. இது புது யோசனை இல்லை. 'ஆபத்துக் காலத்தில் மேஜைமேல் வைத்தால் போதும்' என்று தல்மூதே அனுமதித்திருக்கிறது. அந்த அம்மா பத்திரிகையிடம் பேசினார். ஊரின் நாளிதழான பில்லிங்ஸ் கெசட் ஒரு முழுப் பக்கத்துக்கு மெனோரா படம் அச்சிட்டு, வெட்டி ஜன்னலில் ஒட்டுங்கள் என்றது. தேவாலயங்கள் நகலெடுத்துக் கொடுத்தன. யூதர்கள் மிகக் குறைவான அந்த ஊரில் ஆயிரக்கணக்கான ஜன்னல்களில் மெனோரா. சில கிறிஸ்தவ வீடுகளிலும் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு இன்னும் கூடுதலாக ஒட்டினார்கள்.

இந்த யோசனை வந்ததே ஒரு கட்டுக்கதையிலிருந்து. நாஜிகள் யூதர்களை மஞ்சள் நட்சத்திரம் அணியச் சொன்னபோது டென்மார்க் அரசரும் அணிந்துகொண்டார் என்பது அந்தக் கதை. அப்படி எதுவும் நடக்கவில்லை. டென்மார்க்கில் அந்த உத்தரவே வரவில்லை. ஆனாலும் பொய்க்கதை ஒன்று பில்லிங்ஸில் உண்மையாக வேலை செய்தது.

அடுத்த வருடம் கூப்பிட்டால் வீட்டில் இனிப்பு செய்து எடுத்துப்போகாதீர்கள். கோஷர் என்ற யூத உணவுக் கட்டுப்பாடு உள்ள ஆலயம் என்றால் வெளிச் சமையலை உள்ளே விடமாட்டார்கள், உங்களுக்கும் சங்கடம். முழுப் பழம் பெரும்பாலும் பிரச்சினையில்லை. கூடைக்கு என்றால் கோஷர் முத்திரை உள்ள டின் எதுவானாலும் சரி. அப்புறம் ஒரு பெட்டி மெழுகுவர்த்தி. வழக்கமாகப் பெட்டிக்கு 44 இருக்கும். ஏன் 44 என்று உங்கள் கணவரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் இரவு ஒன்று, எட்டாம் இரவு எட்டு, தினமும் ஒரு ஷமாஷ்.